பக்கோடா பஸ்ஸும் மஞ்சள் ரயிலும்

2024 பிப்ரவரியில் எங்கள் பக்கம் ஒரு ரயில் லாரியில் வந்து இறங்கியது. சீனாவில் செய்த ஆறு பெட்டிகள். கப்பலில் சென்னைத் துறைமுகம் வரை வந்தன. அங்கிருந்து நீள டிரெய்லர்களில் ஏற்றி, சாலை வழியாகவே ஹெப்பகோடி டெப்போவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்துக்கு வந்த முதல் ரயில் அது. மறுநாள் காலை பொம்மசந்திரா டீக்கடையில் இதுதான் பேச்சு. ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவர் கண்ணாடி கிளாஸை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மெட்ராஸ்லேர்ந்து வர்றதுக்கு ரயிலுக்கே ரிசர்வேஷன் கெடைக்கல போல."

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு ஒரு படமும் ஞாபகம் வந்தது. ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி.’

1966 டிசம்பரில் வந்த படம். இயக்கம் திருமலை–மகாலிங்கம், கதை உசிலை சோமநாதன். ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ். ஒரு பஸ், அதில் ஏறுகிற ஜனங்கள், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர். படம் முழுக்க ஏறக்குறைய இதுதான். சினிமா ஆசையில் வீட்டை விட்டுக் கிளம்பிய பெண் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறுகிறாள். பின்னாலேயே கதாநாயகன் ஏறுகிறான், வில்லனின் ஆட்களும் ஏறுகிறார்கள். டிக்கெட் கொடுக்க நாகேஷ். கதையை விட்டுத்தள்ளுங்கள், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. வேடிக்கை முழுக்க அந்த நாற்பது சீட்டுகளுக்குள்தான் இருந்தது.

தலைப்பிலேயே ஒரு குறும்பும் உண்டு. அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில் மதுவிலக்கு. அது தளர்ந்தது 1971-ல்தான். பாண்டிச்சேரியோ பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சட்டப்படி நம்மிடம் வந்து நான்கே வருஷம் ஆன ஊர். ‘பாண்டிச்சேரிக்குப் போறேன்’ என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர் உதட்டோரம் சிரிக்காமல் இருக்கமாட்டார். படத்தின் பெயரைப் போஸ்டரில் படித்ததுமே பாதி டிக்கெட் விற்றிருக்கும்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது அது வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கிருஷ்ணகிரி பக்கத்து டூரிங் டாக்கீஸில். மணல் குவித்து உட்கார்ந்து பார்த்ததில் இன்றும் மறக்காதது கதாநாயகனோ பாட்டோ அல்ல. பக்கோடாவுக்காக அலறும் அந்தக் குண்டுப் பையன்தான். பஸ் நிற்கிற இடமெல்லாம் பக்கோடா, பக்கோடா என்று உயிரை எடுப்பான். அதில் நடித்த காதருக்குப் பக்கோடா காதர் என்ற பெயரே நிலைத்துப்போனது. அவன் கத்தும்போதெல்லாம் டாக்கீஸில் முறுக்கு, சுண்டல் விற்பவனுக்கு நல்ல வியாபாரம்.

அந்த பஸ் பாண்டிச்சேரியோடு நிற்கவில்லை. 1972-ல் அதே கதை ‘பாம்பே டு கோவா’ என்று இந்தியில் போனது. இயக்கியவர் எஸ். ராமநாதன். நாகேஷின் இடத்தில் மெஹ்மூத்; டிரைவராக அவர் தம்பி அன்வர் அலி. கதாநாயகன், அதுவரை வரிசையாகத் தோல்விகள் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் ஒல்லி மனிதர், பெயர் அமிதாப் பச்சன். அதில் ஒரு சண்டைக்காட்சியில் அவர் அடிவாங்கி விழுந்து, எழுந்து, சூயிங்கம்மை மென்றுகொண்டே நிற்பதைப் பார்த்துத்தான் ‘ஜஞ்சீர்’ படத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தோம் என்று கதாசிரியர் ஜாவேத் அக்தர் சொல்லியிருக்கிறார். உசிலை சோமநாதன் எழுதிய பஸ்ஸில் ஏறாமல் போயிருந்தால் அமிதாப்பின் கதை வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னமோ.

அப்புறம் 2004-ல் மராத்திக்காரர்கள் அதன் சாயலில் ‘நவ்ரா மாஜா நவசாச்சா’ எடுத்தார்கள். எடுத்தவர் சச்சின் பில்காவ்ங்கர். அதையே 2007-ல் அவர் விஷ்ணுவர்தனையும் ரமேஷ் அரவிந்தையும் வைத்து ‘ஏகதந்தா’ என்று கன்னடத்தில் எடுத்தார். கணக்குப் பாருங்கள். மெட்ராஸில் கிளம்பிய பஸ் பாம்பே, கோவா, மகாராஷ்டிரம் என்று சுற்றிப் பெங்களூரு வந்துசேர 41 வருஷம் பிடித்திருக்கிறது. நேராக ஓசூர் வழி வந்திருந்தால் ஒரு ராத்திரி.

இதில் இன்னொரு வேடிக்கை, அந்த பஸ்ஸில் முதலில் ஏறியவரே கன்னடப் பெண்தான். கல்பனா. தமிழில் அவரை ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ கதாநாயகியாகச் சிலருக்குத்தான் தெரியும். இங்கே பொம்மசந்திராவில் எந்தக் கன்னடத்துப் பெரியவரிடமும் ‘மினுகு தாரே’ என்று சொல்லிப் பாருங்கள், கண் கலங்கிவிடுவார். ‘சரபஞ்சரா’ படத்தின் நாயகி. 1979-ல், நாற்பது வயதைத் தொடுமுன்பே போய்விட்டார்.

அன்றைக்கு இந்த மாதிரிப் படங்களை எப்படி எடுத்தார்கள் என்பது தனி நகைச்சுவைப் படத்துக்கே போதும். ஓடுகிற பஸ்ஸுக்குள் அந்தக் காலத்துக் கேமராவை வைத்து வசனம் எடுப்பது எளிதல்ல. கேமரா கனம், அதன் சத்தம் வேறு, வெளிச்சம் போதாது. அதனால் பஸ் தூரத்தில் போவதை மட்டும் ரோட்டில் எடுத்துக்கொண்டு, உள்ளே நடப்பதைக் கோடம்பாக்கத்து ஸ்டுடியோ தளத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். பஸ்ஸைப் பாதியாக அறுத்த மாதிரி ஒரு செட். ஜன்னலுக்கு வெளியே ஒளி ஊடுருவும் திரை. திரைக்குப் பின்னாலிருந்து, முன்பே எடுத்துவைத்த ரோட்டுக் காட்சியைப் புரொஜெக்டரில் ஓட்டுவார்கள். பேக் புரொஜெக்‌ஷன். புரொஜெக்டரின் ஷட்டரும் கேமராவின் ஷட்டரும் ஒரே நொடியில் திறந்து ஒரே நொடியில் மூட வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னலில் ரோடு மினுக்கும். முன்னால் இருக்கிற விளக்கு துளி திரையில் பட்டாலும் மரமெல்லாம் வெளுத்துப்போகும்.

செட்டுக்கு அடியில் பலகை கொடுத்து இரண்டு லைட்பாய்கள் அசைப்பார்கள். குழி வருகிறது என்றால் கொஞ்சம் பலமாக. இன்னொருவர் விளக்குக்கு முன்னால் மரக்கிளையை வீசுவார், சாலையோரப் புளியமர நிழல் முகத்தில் ஓட வேண்டுமே. வசனத்தைப் பிற்பாடு டப்பிங்கில் சேர்ப்பார்கள். இவ்வளவும் சரியாக வந்தாலும் டிரைவராக நடிப்பவர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடுவார். பின்னால் ரோடு நேர்கோடாகப் போகும். இவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மாவாட்டுகிற மாதிரி சுற்றுவார். டூரிங் டாக்கீஸில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறியாயிற்று, அவ்வளவுதான்.

இந்த ஏமாற்று நம்மூரோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. சாலைப் பயண நகைச்சுவை என்றால் ஆங்கிலேயர்கள் முதலில் கைகாட்டுவது 1953-ல் வந்த ‘ஜெனிவீவ்’ என்ற படத்தை. ஜெனிவீவ் ஒரு பெண்ணல்ல. 1904-ல் செய்த டராக் கார். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வருஷா வருஷம் பழைய கார்கள் ஓடும் ஓட்டம் ஒன்று உண்டு. அதில் கலந்துகொள்ளும் இரண்டு நண்பர்கள் திரும்பி வரும்போது பந்தயம் கட்டிவிடுகிறார்கள். இரண்டு கார், இரண்டு ஜோடி, வழியெல்லாம் பிரேக்டவுன், சண்டை. ஹென்றி கொர்னேலியஸ் இயக்கினார். படத்தைப் பார்த்தால் லண்டனுக்கும் கடற்கரைக்கும் இடையே இருக்கிற ஊரையெல்லாம் சுற்றியிருப்பார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் எடுத்தது பைன்வுட் ஸ்டுடியோவைச் சுற்றியிருந்த கிராமத்துச் சாலைகளில். குளிர்காலப் படப்பிடிப்பு, கூரையில்லாத கார், நடிகர்கள் விறைத்துப்போனார்கள். காரைக் குழந்தை மாதிரிக் கொஞ்சுகிற கதாநாயகன் ஜான் கிரெக்சனுக்கு நிஜத்தில் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்தில் மனைவியாக உட்கார்ந்த டைனா ஷெரிடன்தான் உதடு அசையாமல் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றினாராம்.

அந்தப் படத்து இசையை நினைத்தால் சிரிப்பு வராது. மவுத் ஆர்கனில் அதை வாசித்தவர் லாரி ஆட்லர், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் முத்திரை குத்திக் கறுப்புப் பட்டியலில் தள்ளப்பட்டு இங்கிலாந்து வந்தவர். அமெரிக்காவில் வெளியிட்டபோது அவர் பெயரையே எடுத்துவிட்டார்கள். இசைக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, வேறொருவர் பெயரில். அது ஆட்லருடையது என்று திருத்த 1980-கள் வரை ஆனது.

லண்டன்–பிரைட்டன் ஓட்டம் முதன்முதலில் நடந்தது 1896 நவம்பர் 14-ல். எதற்காகத் தெரியுமா? கார் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த சட்டத்தை 14 மைலாகத் தளர்த்தியதைக் கொண்டாட. 14 மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். சாயங்காலம் ஆறரைக்குப் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் நிற்கிறவர்கள் இந்த வேகத்தைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அங்கே விக்டோரியா ராணி காலத்துச் சட்டம் இன்னும் தளரவில்லை.

நான் பொம்மசந்திராவுக்கு வந்தது 1990-களின் நடுவில். தொழிற்பேட்டை இருந்தது. லேத் பட்டறை, பிளாஸ்டிக் மோல்டிங், மருந்துக் கம்பெனி. சாலை தாண்டினால் ராகி வயல். எலக்ட்ரானிக் சிட்டி என்பது பஸ்ஸில் கடந்துபோகிற ஒரு பெயர். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு கறி எடுக்க ஊருக்குப் போவதென்றால் ஓசூர் ரோட்டுக்கு வந்து கை காட்ட வேண்டும். தமிழ்நாட்டு பஸ்ஸோ கர்நாடக பஸ்ஸோ, எது நிற்கிறதோ அது. உள்ளே ஏறினால் கோழி, மூட்டை, தக்காளிக் கூடை, பிள்ளைத்தாய்ச்சி, ஒன்றுக்கு இரண்டாகக் கால்மிதி. அத்திப்பள்ளி எல்லை வரைக்கும் கண்டக்டர் கன்னடம். தாண்டியதும் அதே மனுஷன் தமிழ்.

அந்தக் கண்டக்டர்களை நான் மறக்கமாட்டேன். காதில் பேனா, விரலிடுக்கில் ஐந்து, பத்து நோட்டுகள் நீளவாக்கில் மடித்தபடி, கக்கத்தில் தோல் பை. கலர் கலராக டிக்கெட் கட்டு. எச்சில் தொட்டு ஒன்றைக் கிழித்தால் சரியாக ஒன்றுதான் வரும். சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதி வட்டம் போட்டுக் கொடுப்பார். இறங்குகிற அவசரத்தில் அதை வாங்க மறந்த காசைச் சேர்த்திருந்தால் நான் லே-அவுட்டில் ஒரு சைட் வாங்கியிருப்பேன். "முந்தே ஹோக்ரி, உள்ள எடம் இருக்கு, ஏன்ப்பா படியில தொங்கற, உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" ஒரே மூச்சில் இரண்டு மொழி. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே ஜனம் சிரிக்கும். இந்த ஊரில் பி.டி.எஸ். பஸ்ஸில் இப்படி விசிலடித்துக்கொண்டிருந்த சிவாஜி ராவ் என்பவர்தான் 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பெங்களூரு கண்டக்டரிடம் நடிப்பு இருந்ததில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. அந்த வேலையே பாதி அதுதான்.

நாகேஷுக்கும் மெஹ்மூதுக்கும் வேலை கொடுத்ததும் அதுதான். பஸ் படத்தில் கதாநாயகன் கண்டக்டர்தான். போஸ்டரில் யார் முகம் இருந்தால் என்ன? முன்பின் தெரியாத நாற்பது பேரை அவர்தான் பேரம் பேசி, திட்டி, சமாதானம் செய்து ஒரு குடும்பமாகக் கட்டிவைக்கிறார். அவரை எடுத்துவிட்டால் வெறும் சாலைதான் மிஞ்சும்.

இன்றைக்கு என் மொட்டைமாடியில் நின்றால் வயலே இல்லை. நாராயணா ஹெல்த் சிட்டி வந்தபின் வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் வர, மருந்துக்கடை, லாட்ஜ், மெஸ் போர்டுகளில் வங்காள எழுத்து. ரூம் வாடகை கேட்கிறவர் எந்த மொழியில் கேட்பார் என்று சொல்ல முடியாது. 2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தபின் ஊர்ப்பக்கம் போகிற கார்கள் தலைக்கு மேலே பறந்தன. 2025 ஆகஸ்ட் 10-ல் மஞ்சள் தடமும் திறந்தது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிற வசதி உள்ள ரயில். கண்டக்டர் என்ற பேச்சே இல்லை. சில்க் போர்டு நெரிசலை ஏ.சி.யில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். குறை சொல்லமாட்டேன், முட்டிவலிக்காரனுக்கு இது வரம்.

ஆனால் முதல் வாரம் அதில் போய்வந்தபோது ஒன்று கவனித்தேன். பெட்டி நிறைய ஆள், சத்தமே இல்லை. எல்லார் காதிலும் இயர்போன். எதிரே உட்கார்ந்த பையன் மொபைலில் ஏதோ காமெடியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தான். என்ன என்று பக்கத்து ஆள் கேட்கவில்லை. கேட்டால் தப்பு என்று எனக்கும் தோன்றிவிட்டது. பக்கோடா சாப்பிட அனுமதி வேறு கிடையாது.

சினிமாவும் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காரில் ஏறிவிட்டது. 2010-ல் லிங்குசாமியின் ‘பையா’ இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. கார்த்தி, தமன்னா, ஒரு கார், மும்பை. வேகமும் பாட்டும் இருந்தன; மூன்றாவது ஆள் இல்லை, அதனால் சிரிப்பும் குறைவு. 2003-ன் ‘அன்பே சிவம்’ மட்டும் விதிவிலக்கு. ஒத்துப்போகாத இரண்டு பேரை புவனேஸ்வரத்திலிருந்து கிடைத்த வண்டியிலெல்லாம் ஏற்றி அனுப்பிய படம். வந்தபோது ஓடவில்லை, இப்போது டி.வி.யில் ஓடாத மாதமில்லை. அந்தப் பழைய பஸ்ஸை மறுபடி நான் கண்டது ஒரு மலையாளப் படத்தில். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் கூட்டம், கஞ்சத்தனமும் எரிச்சலுமாக மம்மூட்டி, தமிழ்நாட்டுச் சாப்பாட்டைப் பற்றிய முணுமுணுப்பு, மதியத் தூக்கம். பழனிப் பக்கத்துக் கிராமத்தில் நிஜ வெயிலில் எடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். பின்னணியில் டி.வி.யிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பதெல்லாம் பழைய தமிழ்ப்படப் பாட்டும் வசனமும். நம் பஸ்ஸை நம்மைவிட நன்றாக ஓட்டிக் காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எடுக்கும் விதத்தில்தான் பெரிய வேடிக்கை. நடுவில் சில காலம் எல்லாம் நிஜ ரோடு என்று ஆனது. காரைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளங்கை அளவு கேமராவைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். இப்போதோ மறுபடி ஸ்டுடியோவுக்கே திரும்புகிறார்கள். காரைத் தளத்தில் நிறுத்தி, சுற்றிலும் எல்.இ.டி. சுவர் எழுப்பி, அதில் சாலையை ஓட்டுகிறார்கள். கேமரா நகர்ந்தால் கம்ப்யூட்டரும் அதற்கேற்பக் காட்சியைத் திருப்புகிறது. வானத்து வெளிச்சம் நிஜமாகவே கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவில் இப்படியொரு தளம் இருக்கிறது. பேர் வர்ச்சுவல் புரொடக்‌ஷன். கோடம்பாக்கத்து பழைய லைட்பாயைக் கூப்பிட்டுக் காட்டினால், ‘பின்னாடி ரோடு ஓடுது, முன்னாடி வண்டி நிக்குது, இதைத்தானேப்பா நாங்க செஞ்சோம்’ என்று கேட்டுவிட்டுப் பலகையைத் தேடுவார்.

சாலையை எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. செய்ய முடியாதது அந்த நாற்பது பேர். அவர்கள் தீர்ந்துபோய்விடவும் இல்லை.

போன மாதம் அத்திப்பள்ளி போகிற பி.எம்.டி.சி. பஸ்ஸில் இரண்டு பெண்கள். ஒரே கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை, ஒரே லைன் வீட்டில் குடி. 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு பஸ் இலவசம்; முகவரி இந்த மாநிலமாக இருக்க வேண்டும். ஒருத்தியின் ஆதாரில் பொம்மசந்திரா, இன்னொருத்தியின் ஆதாரில் தர்மபுரி. இவளுக்குப் பூஜ்ய டிக்கெட், அவளுக்குக் காசு. "பத்து வருஷமா இங்கதான் சார் இருக்கேன், ராகி முத்தைதான் சார் திங்கறேன்," என்றாள் தர்மபுரிக்காரி. கண்டக்டர் இயந்திரத்தைக் கையில் தட்டிக்கொண்டே யோசித்தார். "முத்தே தின்னறதுக்கு சர்ட்டிபிகேட் இருக்காம்மா? ஆதார் தோர்சி, இல்லாட்டி துட்டு கொடி." பின்சீட்டுப் பெரியவர் ஒருவர், மருமகள் வந்து எட்டு வருஷமாகியும் ஆதார் மாற்றாத கதையை ஆரம்பித்தார். முன்சீட்டு வங்காளிப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான். பணத்தைத் தர்மபுரிக்காரி க்யூ.ஆர். ஸ்கேன் செய்து கட்டினாள். "ஊர்ல போனா எனக்கும் ஃப்ரீதான்" என்று தோழியின் தோளில் இடித்தாள். ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ எழுதியவருக்கு இந்த ஒரு ஸ்டேஜ் போதும்.

மெட்ரோவை ஓசூர் வரை நீட்டுவதாகப் பேச்சு பல வருஷமாக இருக்கிறது. இங்கே ஓடுவது தண்டவாளத்தையொட்டி வரும் 750 வோல்ட் மின்சாரத்தில். தமிழ்நாட்டுத் தரப்புத் திட்டமோ மேல்கம்பியில் 25,000 வோல்ட். இரண்டும் சேராது என்கிறார்கள். அதனால் இப்போதைக்கு மஞ்சள் ரயில் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஓசூர் போக, படி இறங்கி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் கை காட்ட வேண்டும். கண்டக்டர் இருப்பார்.